கோடைக்கானல்: நாம் பார்த்ததும் பார்க்காததும்



நம் கூட்டமைப்பிலிருந்து கோடைக்கானல் சுற்றுலா போய் வந்ததை எழுதித் தாங்கன்னு மலர்க் குழுவில் கேட்டார்கள். போனது, வந்தது, சாப்பிட்டது எல்லாம் கூட வந்த உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் யார் யார் வாந்தி எடுத்தோம் என்பதை நான் எழுதப் போவதில்லை. வராதவர்களுக்கு வேண்டுமானால் நேரில் சொல்கிறேன். இது வேற விஷயம்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னும்போது எங்கள் குழுவின் பெரியாத்தா ஒரு கேள்வி கேட்டார். "ஏந்தாயி, ஏழாயிரம் அடி உசரத்துல, ஏறி வரவே இம்புட்டுப் பாடா இருக்கு. இங்க எதுக்கு இவ்வளவு பெரிய ஊரைக் கட்டுனாக?" பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் தம்பி, "வெள்ளைக்காரனுக்கு வெயில் தாங்காதுல்ல பாட்டி, அதான்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டு எழுந்து விட்டோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனசிலேயே நின்றது. வெயில் தாங்காமல் ஓடுவதென்றால் நம் புதுக்கோட்டைக்காரர்கள் எப்போதோ ஓடியிருக்க வேண்டும். ஊருக்கு வந்து கிளை நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன், என் மகள் போனில் தேடிக் கொடுத்ததையும் படித்தேன். டிரைவர் தம்பி சொன்னது பாதிதான் சரி. அந்த ஊர் உண்டானதற்கு வெயிலை விடப் பெரிய காரணங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று சாவு பயம். இன்னொன்று பஞ்சம்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடைக்கானலை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி மலையை அளக்க வந்தது உண்மைதான். ஆனால் சங்கப் பாட்டிலேயே கோடைமலை வருகிறது. கடிய நெடுவேட்டுவன் என்று ஒரு தலைவன் அங்கே இருந்திருக்கிறான். பரிசு கொடுக்க அவன் காலம் கடத்தினான் என்று கோபப்பட்டுப் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. லோன் கேட்டு பேங்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தப் புலவர் கோபம் புரியும். அதற்கும் முந்திய காலத்துக் கற்திட்டைகள் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் இன்னும் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் முதுமக்கள் தாழி கிடைக்கிற மாதிரி, அங்கே பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, இறந்தவர்களுக்கு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். பளியர், புலையர் என்ற மக்கள் அந்தக் காட்டில் காலகாலமாக இருக்கிறார்கள். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி எல்லாம் பழைய ஊர்கள். ஆக, வார்டு துரை வந்தபோது மலை ஒன்றும் ஆளில்லாமல் கிடக்கவில்லை. அளந்து எழுதிக்கொண்டவர் பெயர் நின்றது, அங்கேயே வாழ்ந்தவர்கள் பெயர் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சாவு பயத்துக்கு வருகிறேன்.

ஊட்டியை உண்டாக்கியது ஆங்கிலேயர்கள். கோடைக்கானலை ஊராக்கியது அவர்கள் இல்லை, அமெரிக்கர்கள். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1834-ல் அமெரிக்காவிலிருந்து பாதிரிமார்கள் மதுரைக்கு வந்து பள்ளிக்கூடமும் வைத்தியமும் தொடங்கினார்கள். குடும்பத்தோடு வந்தார்கள். வந்த பத்து வருஷத்துக்குள் காய்ச்சலிலும் காலராவிலும் அவர்களில் பலர் போய்விட்டார்கள். பெண்டாட்டிகள் செத்தார்கள், கைக்குழந்தைகள் செத்தார்கள். இப்படியே போனால் ஒருவரும் மிஞ்ச மாட்டோம் என்று பயந்துதான் குளிர்ந்த இடம் தேடியிருக்கிறார்கள். 1845-ல் மலை மேல் இரண்டு வீடு கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். இன்றைக்கு லாட்ஜும் ஓட்டலுமாக இருக்கிற கோடைக்கானல் டவுனுக்கு அந்த இரண்டு வீடுதான் ஆரம்பம்.

மலைக்குப் போனால் காய்ச்சல் ஏன் வருவதில்லை என்று அவர்களுக்கே தெரியாது. கெட்ட காற்றால்தான் மலேரியா வருகிறது, மேலே காற்று சுத்தம், அதனால் வரவில்லை என்று நினைத்தார்கள். மலேரியா என்ற பேருக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தமாம். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் நம் நாட்டில் இருந்தே கண்டுபிடித்தது 1897-ல். அவ்வளவு குளிரில் அந்தக் கொசு பெருகாது. காரணம் தெரியாமலே சரியான இடத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். அதே காலராவும் காய்ச்சலும் கீழே மதுரையிலும் நம் சீமையிலும் நம் பாட்டிகளுக்குப் பாட்டிகளையும் கொன்றது. அவர்களுக்கு ஏறிப் போக மலை இல்லை.

ஏறிப் போவது என்றால் எப்படி? நாம் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் ஏறினோம், அதற்கே அத்தனை எலுமிச்சம்பழம் செலவு. அந்த மலைச்சாலை 1914 வாக்கில்தான் போட்டு முடிந்தது. அதற்கு முன் எழுபது வருஷம் கீழே பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதைதான். 1875-ல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலை அடிவாரம் வரை வந்து, பிறகு டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து வருவார்கள். தூக்கியது நம் ஆட்கள். துரை, துரைசாணி, குழந்தைகள், கட்டில், பீரோ, பியானோப் பெட்டி வரை மனுஷன் தோளில்தான் மலை ஏறியிருக்கிறது. அந்தப் பாதைக்கே கூலிப் பாதை என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். தலையில் ஒரு குடம் தண்ணீரோடு கண்மாய்க் கரை ஏறினவர்களுக்கு அந்தப் பாரம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் கொடைரோடு என்றுதான் பேர். பேரைப் பார்த்துவிட்டு அங்கே இறங்கினால் கோடைக்கானல் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தெரியாமல் இறங்கி விழிக்கிறவர்கள் உண்டாம்.

அடுத்தது ஏரி. நாம் எல்லாரும் போட்டோ எடுத்தது அங்கேதான். இயற்கையான ஏரி என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. அது நம்மூர்க் கண்மாய் மாதிரிதான். லெவிஞ்சு என்று ஒரு மதுரைக் கலெக்டர். 1863-ல், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடைகள் சேருகிற இடம் பார்த்துக் கரை போட்டு, தண்ணீரைத் தேக்கிவிட்டார். அறுபது ஏக்கர் பரப்பு. பள்ளத்தின் மூலை முடுக்குகளில் எல்லாம் தண்ணீர் ஏறி நின்றதால்தான் நட்சத்திரம் மாதிரி ஐந்தாறு கால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. கலங்கு வழியாக வெளியேறுகிற தண்ணீர்தான் கீழே மலைச்சாலையில் வெள்ளியருவியாக விழுகிறது. நாம் பஸ்ஸை நிறுத்தி முறுக்கு சாப்பிட்டோமே, அந்த அருவி. கண்மாய், கரை, கலங்கு மூன்றும் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்தவை. புதுக்கோட்டைச் சீமையில் ஆயிரக்கணக்கில் அப்படி வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் வெட்டியது என்று பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது. லெவிஞ்சு துரைக்கு அங்கே நினைவுச் சிலுவை நிற்கிறது.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வாடகை சைக்கிளில் போனோமே, அதை மட்டும் சொல்லாமல் விட முடியாது. கடைக்காரர் முதலில் யோசித்தார். சேலை கட்டிய பொம்பளைகள் பதினேழு பேர் வரிசையாக வந்து சைக்கிள் கேட்டால் யோசிக்கத்தானே செய்வார். எங்கள் அம்மா காலத்தில், 1991, 92-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அதற்குத் துணை நின்றார். வெளிநாட்டில் இருந்தெல்லாம் வந்து எழுதினார்கள். அன்றைக்குப் பழகிய மூன்று பேர் எங்கள் வேனில் இருந்தார்கள். மூன்று பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள்தான் முன்னால் போனார்கள். இளசுகள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனோம்.

இனி பஞ்சம். இந்தக் கட்டுரையை நான் எழுதச் சம்மதித்ததே இதைச் சொல்லத்தான்.

ஏரிக்கு மேலே குன்றில் வெள்ளையாக உருண்டை மாடம் வைத்த கட்டடம் தெரிந்ததே, நேரமில்லை என்று போகாமல் விட்டோமே, அதுதான் சூரிய ஆய்வுக்கூடம். 1899-ல் தொடங்கியது. எதற்காக மலை உச்சியில் உட்கார்ந்து சூரியனைப் பார்க்கிறார்கள்? படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1876-ல் மழை பொய்த்தது. மறு வருஷமும் சரியில்லை. 1878 வரை பஞ்சம். நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதுதான். தென்னிந்தியாவிலும் மேற்கிலுமாக ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். தானியமே இல்லாமல் சாகவில்லை. ஒரு பக்கம் மக்கள் சாகும்போதே துறைமுகத்திலிருந்து கப்பலில் தானியம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாங்கக் காசு இல்லாததால் செத்தார்கள். நிவாரண வேலை என்று ரோடு போடவும் கால்வாய் வெட்டவும் வைத்தார்கள். இப்போதைய நூறு நாள் வேலை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூலி ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி குறைத்து நிர்ணயித்தது: நாள் முழுக்க வேலை செய்யும் ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை, 450 கிராம். பொம்பளைக்கு அதைவிடக் குறைவு. மண் சுமந்த பொம்பளைக்குப் பசி குறைவு என்று எந்தக் கணக்கில் எழுதினார்களோ.

நம் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இதில் தப்பவில்லை. பஞ்சம் முடிகிற 1878-ல் இங்கே திவானாக வந்தவர்தான் சேஷையா சாஸ்திரி. குளங்களைத் தூர்வாரி, டவுனைத் திருத்தி, குடிக்கத் தண்ணீருக்குப் புதுக்குளத்தை வெட்டியவர். இன்றைக்குக் காலையில் நடைப்பயிற்சி போகிற இடமாக நமக்குத் தெரிகிற புதுக்குளம் அந்தக் காலத்து வேலை.

பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கத்துக்கும் ஒரு யோசனை வந்தது. மழை ஏன் சில வருஷம் பொய்க்கிறது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா என்று. சூரியனில் கரும்புள்ளிகள் உண்டு. பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம் கூடும், குறையும். மழையும் கூடுகிறது, குறைகிறது. மழைக்கு மூலம் சூரிய வெப்பம்தானே, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று சில விஞ்ஞானிகள் நினைத்தார்கள். அதைப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும், மேகமும் தூசியும் குறைந்த உயரமான இடம் வேண்டும் என்று தேடிக் கோடைக்கானலைப் பிடித்தார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லிருந்து இருந்த வானாய்வுக்கூடத்தின் வேலை இங்கே மாறியது. மைக்கி ஸ்மித் என்பவர் முதல் இயக்குநர்.

சரி, கண்டுபிடித்தார்களா? மழையைக் கண்டுபிடிக்கவில்லை. கரும்புள்ளியை எண்ணி அடுத்த வருஷம் மழை உண்டா இல்லையா என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கே கரும்புள்ளியைப் படம் பிடித்துப் பார்த்தபோது, புள்ளிக்குள்ளிருந்து வெளிப்பக்கமாக வாயு ஓடிக்கொண்டே இருக்கிறதைக் கண்டார். கொதிக்கிற உலைப் பானையில் நடுவிலிருந்து விளிம்புக்கு நுரை தள்ளுவது போல என்று நான் புரிந்துகொண்டேன். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பேர். கோடைக்கானலில் கண்டது அது. 1904 முதல் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனின் படங்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மேகம் மூடாத நாளெல்லாம் படம். நம் குழு நோட்டை நூறு வருஷம் விடாமல் எழுதி வந்தால் எப்படி இருக்கும், அது மாதிரி. இத்தனை நீளக் கணக்கு உலகத்தில் ரொம்பச் சில இடத்தில்தான் உண்டு என்பதால் இப்போதும் வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். சூரியனைக் கோபுரத்து மேலே கண்ணாடியில் பிடித்து, கீழே அறுபது மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பார்க்கிற தொலைநோக்கியும் இருக்கிறது. அடுத்த தடவை படகு ஒரு ரவுண்டு குறைந்தாலும் பரவாயில்லை, அதைப் பார்க்காமல் வரக் கூடாது.

அந்த எவர்ஷெட்டுக்கு மேரி என்று மனைவி. கல்யாணத்துக்கு முன்பே வானத்து நட்சத்திரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். கோடைக்கானலில் கணவரோடு சேர்ந்து சூரியனின் விளிம்பில் எழும்பும் தீப்பிழம்புகளைப் பற்றி ஆராய்ந்தார். 1917-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. நிலம், ரேஷன் கார்டு, லோன் என்று எதிலும் பெயர் சேர்க்க நாம் எவ்வளவு நடந்திருப்போம், அதனால் இதைக் கவனித்து எழுதினேன்.

இன்னொரு பெண்மணியின் பெயரும் கோடைக்கானலில் இருக்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோவிலில் எல்லாரும் தீபம் போட்டோம். அந்தக் கோவிலைக் கட்டியது ஒரு வெள்ளைக்கார அம்மா. இலங்கையில் பெரிய தலைவராக இருந்த சர் பொன்னம்பலம் இராமநாதனைக் கல்யாணம் செய்து, சைவ சமயத்துக்கு மாறி, லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டவர். அவர் கணவர் யாழ்ப்பாணப் பக்கம் 1913-ல் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்க, இந்த அம்மா அதை நடத்தினார். கணவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1936-ல் கட்டியது குறிஞ்சி ஆண்டவர் கோவில். வெளியே நின்று பார்த்தால் பழனி தெரிகிறது, வைகை அணை தெரிகிறது. நம் ஊரில் அதே காலத்தில் வேறு மாதிரி நடந்தது. 1915-ல் நம் மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவில் மோலி என்ற பெண்ணைக் கட்டிக் கூட்டி வந்தார். ராணியாக ஏற்க ஆங்கிலேய அரசாங்கம் சம்மதிக்கவில்லை. கொஞ்ச மாதம் இருந்துவிட்டு இரண்டு பேரும் ஊரை விட்டே போனார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா முருகனுக்குக் கோவில் கட்டிவிட்டார், இங்கே ஒருத்தர் அரண்மனையில் நிலைக்க முடியவில்லை.

குறிஞ்சிப் பூவை நாம் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம்தான் பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. அந்த வருஷம் போக இப்பவே மாசம் ஐம்பது ரூபாய் தனியாகக் கட்டலாமா என்று வரும் வழியிலேயே பேச்சு ஓடியது. தீர்மானம் போடுவது தலைவி கையில்.

குணா குகையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள் என்பதால் இரண்டு வரி. வெள்ளைக்காரர்கள் அதற்குப் பேய்களின் அடுப்படி என்று பெயர் வைத்திருந்தார்கள். 1991-ல் கமல் படம் எடுத்த பிறகு குணா குகை ஆனது. 2006-ல் கேரளாவிலிருந்து வந்த பையன்களில் ஒருவன் உள்ளே விழ, கூட வந்த கூட்டாளி கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தான். 2024-ல் அது மஞ்சும்மல் பாய்ஸ் என்று படமாக வந்தது. நாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.

மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைன் காட்டில் எல்லாரும் போட்டோ எடுத்தோம். என்ன அழகு என்று நானும்தான் சொன்னேன். அந்த பைன் மரமும், யூகலிப்டஸும், வாட்டில் மரமும் அந்த மலைக்குச் சொந்தம் இல்லை. எல்லாம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, பிறகு ஆலைக்கு என்று நட்டார்கள். அதற்கு முன் மேலே இருந்தது பெரும்பாலும் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. மொட்டைப் புல்வெளியால் என்ன பிரயோசனம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பெய்கிற மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடையில் விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். அதன் மேல் நட்ட மரம் தண்ணீரைத் தானே குடித்துவிடுகிறது.

இதைப் படித்ததும் எனக்கு நம் ஆர்.எஸ்.பதி மரம்தான் ஞாபகம் வந்தது. தைலமரம் என்று இங்கே ஏக்கர் ஏக்கராக நிற்கிறதே, அந்த ஜாதிதான் மலை மேலும் நிற்கிறது. நம் பகுதியில் காட்டில் பெய்கிற மழை கண்மாய்க்கு வராமல் வரப்புப் போட்டு அந்த மரத்துக்கே நிறுத்திவிடுகிறார்கள் என்று விவசாயிகள் எத்தனை வருஷமாகப் போராடுகிறார்கள். கிணறு வற்றிக் குடத்தோடு அலைந்தது நாம்தான். மலையிலும் தரையிலும் ஒரே மரம், ஒரே வேலை. நூறு வருஷத்துக்கு முன் நட்டவர்களுக்குத் தெரியாது என்று விடலாம். இப்போது நடுகிறவர்களுக்கும் தெரியாதா?

தெரிந்தும் செய்ததற்கு இன்னொரு கதையும் அந்த ஊரில் உண்டு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்கிற ஆலை ஒன்று, அமெரிக்காவில் ஓடியதை அங்கே மூடிவிட்டு 1980-களில் கோடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கையில் இருந்தது. தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். உடம்புக்குள் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடைந்த கண்ணாடியைப் பாதரசத்தோடு மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருந்தது 2001-ல் வெளியே தெரிந்து, ஊர்க்காரர்கள் போராட, அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. கழிவில் கிட்டத்தட்ட 290 டன்னை 2003-ல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். வேலை பார்த்தவர்கள் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நோய் வந்ததாகச் சொன்னார்கள், கம்பெனி மறுத்தது. கடைசியில் 2016-ல் 591 தொழிலாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஒப்பந்தம் ஆனது. ஆலை மூடியதிலிருந்து எண்ணினால் பதினைந்து வருஷம். வெள்ளையாக உருண்டு ஓடுகிறது, அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் கையில் வைத்து விளையாடுமே, அந்தப் பாதரசம்தான். வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு, காகிதத்தால் ஒதுக்கி எடுத்து மூடி வையுங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கென்றே உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-ல் தொடங்கியது, கோடைக்கானலில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தால் விசாரிக்கலாம். மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூண்டை அந்தப் பேரில் விற்கக் கூடாது. அப்படியும் வழியில் நாம் வாங்கியதில் பாதி மலைப்பூண்டு இல்லை என்று வீட்டில் உரித்துப் பார்த்ததும் தெரிந்தது. வாடை காரமாக இருக்க வேண்டும். கூட்டம் தாங்காமல் 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வைத்திருக்கிறார்கள். வண்டி எண்ணோடு முன்பே பதிய வேண்டும். போகிற குழுக்கள் அதைப் பதிந்துவிட்டே கிளம்புங்கள். பிளாஸ்டிக் பாட்டிலும் கொண்டுபோக வேண்டாம், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

போன வாரம் குழுக் கூட்டம் முடிந்ததும் பெரியாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. சாவு பயம், பஞ்சம், டோலி எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் தண்ணீர் விஷயம் சொன்னேன். பழனி மலையின் வடக்குச் சரிவில் பெய்கிற மழை பாலாறு, பொருந்தலாறு, வரட்டாறு என்று இறங்கி, பழனிக்குப் பக்கத்தில் சண்முகநதியாகி, அமராவதியில் சேர்ந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரியிலிருந்து திருச்சிப் பக்கம் எடுத்துத்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நமக்கு வருகிறது என்றேன்.

"அப்ப நாம போட்ல போன தண்ணி நம்ம குழாய்ல வருதாத்தா?"

"இல்ல பெரியாத்தா. ஏரித் தண்ணி வெள்ளியருவி வழியா இந்தப் பக்கம் இறங்கிருது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்யிறதுதான் நமக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பக்கமும் தைலமரம் நட்டிருக்காகளா?" என்று கேட்டார்.

நட்டிருக்கிறார்கள் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. குடம் நிறைந்ததும் குழாயை இறுக்கி மூடிவிட்டு, சொட்டுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார்.